அறுபத்து நாலாவது கோப்பை

போன சித்திரை,
சிறுபோகத்துக்குத் துருசு திறந்து மூன்று நாளாகியும்
எங்கள் வயலுக்கு மட்டும் தண்ணீர் வரவில்லை.
தயாளன் குழாய்க்குள் தோள்மட்டும் கைவிட்டு
ஒன்றை இழுத்தெடுத்தான்.
பிறகு இன்னொன்று. பிறகு ஒரு பொத்தி.
லஞ்ச் சீற்.
ஒன்றில் மஞ்சள் போகாமலிருந்தது,
நான் வைத்த பூசணிக்காய்க் கறியின் மஞ்சள்.
பங்குனியில் ஐயனார் பொங்கல் முடிய
அலைகரைப் பற்றைக்குள் கொட்டியதை
காற்று எடுத்து, மழை எடுத்து,
வாய்க்கால் கொண்டுவந்து தந்தது,
வட்டியோடு கடன் திருப்புகிற ஆள் மாதிரி.

இந்த வருசப் பொங்கல் எங்கள் வீட்டு முறை.
"சீற் வேண்டாம்" என்றேன் வாசிகசாலைக் கூட்டத்தில்.
கறிக்கு உப்பு வேண்டாம் என்றவளைப் போலப் பார்த்தார்கள்.
"கழுவுறது ஆர்?" என்றாள் கௌரிமலர்.

சரியான கேள்வி.
ஆம்பிளையள் ஒருவரும் அதைக் கேட்கவில்லை
என்பதையும் கவனித்தேன்.
முந்தி அறுபது பேர் சாப்பிட்டு எழும்ப
நாங்கள் ஐந்து பேர் குந்தியிருந்து
இருட்டும்வரை தேய்ப்போம்.
குகதாசன் கடைக்கு முதல் கட்டுச் சீற் வந்த அன்று
கைதட்டியவள் நான்தான்.
என் நாரியும் சேர்ந்து தட்டியது.
பொய் சொல்லி என்ன?

ஆகவே ஒரே சட்டம்:
தின்றவர் கழுவ வேண்டும்.
"பூசாரியுமோ?"
"பூசாரியும். ஐயனாருக்கு மட்டும் விலக்கு,
அவருக்குக் குளத்துத் தாமரையிலை."

பதினொரு வீட்டுக் கோப்பைகள்
உரப்பையில், சைக்கிள் கரியரில், கிலுங்கிக்கொண்டு வந்தன.
அநேகமாய் எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருந்தது.
சி.வ.
த. கௌரி.
மணமக்களுக்கு மாமன் அன்பளிப்பு.
ஒன்றில் நிவாரணக்காரரின் சின்னம், பாதி தேய்ந்து.
சில நெளிந்திருந்தன.
எங்கே நெளிந்தது என்று
முத்தையன்கட்டில் ஒருவரும் ஒருவரைக் கேட்பதில்லை.
எண்ணிக் கொப்பியில் எழுதினேன்:
அறுபத்து மூன்று.

புக்கை, பூசணி, கத்தரிக்காய், பருப்பு.
பாலை மரத்துக்குக் கீழே இரண்டு அரைப் பரல்;
ஒன்றில் தேய்க்க, மற்றதில் அலச.
சாம்பல் ஒரு கடகம், பொச்சு ஒரு கடகம்.
வட்டவிதானையார் சறத்தை மடித்துக் கட்டினார்,
முன்பக்கம் மட்டும் கழுவினார்.
கௌரிமலர் கோப்பையை வாங்கித்
திருப்பிக் காட்டினாள்.
ஊருக்கெல்லாம் தண்ணீர் பங்கிடுகிற மனிசன்
மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

எல்லாம் வெற்றி என்று நினைக்க வேண்டாம்.
கிளிநொச்சி மச்சாள்
நாற்பது யோகட் கப்போடு வந்திறங்கினாள்.
ஐஸ்பெட்டியைத் திறந்து அவள் சிரித்த சிரிப்புக்கு முன்னால்
என் சட்டம் வாயைத் திறக்கவில்லை.
நானும் ஒன்று சாப்பிட்டேன்.
பங்குனி வெயிலுக்கு நல்ல குளிர்.
முப்பத்தொரு கப்பில் இப்போது மிளகாய் நாற்று நிற்கிறது.
மற்ற ஒன்பதும் எங்கே என்பதை
சித்திரையில் வாய்க்கால் சொல்லும்.

பொழுதுபட்டபின்
பாயில் கொட்டி எண்ணினேன்.
அறுபத்து நாலு.
தயாளனை எண்ணச் சொன்னேன்.
அறுபத்து நாலு.

கூடியிருந்த ஒன்றில் பெயரில்லை.
விளிம்பில் ஆணியால் கீறிய இலக்கம் மட்டும்,
வலயம், பிறகு ஒரு கோடு, பிறகு கூடாரம்.
பதினொரு வீட்டிலும் கேட்டேன்,
எங்களுடையதில்லை என்றார்கள்.
கௌரிமலர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.
பெருவிரலால் இலக்கத்தைத் தடவினாள்.
ஒன்றும் பேசாமல் திருப்பித் தந்தாள்.

ஆரோ ஒருவர்
தன் கோப்பையைத் தானே கொண்டுவந்து
சனத்தோடு சனமாயிருந்து சாப்பிட்டு
கழுவி, அடுக்கில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கொப்பியில் மூன்றை வெட்டி நாலு என்று எழுதினேன்.
கோப்பையைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கமும் நன்றாய்த் தேய்த்திருந்தது.